சிற்றுயிர்கள் தொடர்பான மன்றாட்டு

எங்கள் ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் ஆண்டவரிடம் யாரும் நேரடியாக எதையும் கேட்டுவிட முடியாது. அதற்கென்று ஒரு குழு இருக்கிறது.

முன்பெல்லாம் அப்படி இல்லை. ஞாயிறு பூசையில் பிரசங்கம் முடிந்து விசுவாசிகள் மன்றாட்டு வரும்போது, யாருக்கு என்ன குறையோ அவர்களே எழுந்து நின்று சொல்வார்கள். காய்ச்சல், கல்யாணத் தடை, பால் வற்றிப்போன மாடு, எதுவாக இருந்தாலும் சரி. சபை முழுவதும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிறு வீரய்யாவின் சம்சாரம் எழுந்தார். "கொழுந்துச் சாக்கு தராசுல தொங்குறப்ப எடையக் கொறைக்க அடியில முழங்கால முட்டுக் குடுக்குற கங்காணிக்காக மன்றாடுவோம். அந்த முழங்கால ஜெபத்துக்கு மட்டும் மடக்குறதுக்கு ஆண்டவர் அவருக்குப் புத்தி குடுக்கணும்" என்றார். அன்றைக்குச் சபை சொன்ன பதில் பக்கத்து டிவிஷன் வரைக்கும் கேட்டது. கங்காணியும் கோயிலில்தான் இருந்தார்.

மறு வாரமே விசுவாசிகள் மன்றாட்டுப் பரிசீலனைக் குழு உருவாகிவிட்டது. தலைவர் முத்துலிங்கம், தோட்டப் பாடசாலையில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் விஜிதரன், தோட்ட ஆபீஸ் கிளாக்கர். மன்றாட்டுகளை மைக்கில் வாசிப்பவர் ஜெயந்தினி டீச்சர். இவர்களுக்கு ஆலோசகர் எங்கள் பங்குச் சாமியார் பிரதாப் அடிகள். நான் பாடற்குழுவில் தபேலா தட்டுகிறவன். குழு கூடுகிற அறையில்தான் தபேலாவை வைத்துப் பூட்டுகிறார்கள். அதனால் இந்தப் புனித வேலை எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன்.

இந்த ஏற்பாடெல்லாம் யாருக்காக என்று தோட்டத்தில் கேட்டால் கைக்குழந்தைகூட சொல்லிவிடும். தோட்ட மனேஜரான எங்கள் பெரிய துரை கத்தோலிக்கர், நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களவர். முதல் பெஞ்சுக்கும் முன்னால் அவருக்கென்று மெத்தை வைத்த நாற்காலி ஒன்று போட்டிருக்கும். தமிழில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." அதை வாயெல்லாம் பல்லாகச் சொல்வார். மற்றதையெல்லாம் பின்னால் உட்கார்ந்திருக்கும் விஜிதரன் சிங்களத்தில் காதோடு காதாகச் சொல்வார். ஆகவே எங்கள் மன்றாட்டுகள் ஆண்டவரைப் போய்ச் சேருவதற்கு முன்பு மெத்தை நாற்காலியைத் தாண்ட வேண்டியிருந்தது.

குழு வந்த பிறகு மன்றாட்டுக்கு ஒரு வரிசை வந்தது. திருத்தந்தை, ஆயர், நாட்டுத் தலைவர்கள், அடுத்தது கம்பெனி, அதற்கடுத்து பெரிய துரை, துரையின் தாயாருடைய மூட்டுவலி. பிறகு மழை. மழையில் ஒரு சிக்கல் இருந்தது. கொழுந்து துளிர்க்க மழை வேண்டும் என்றது ஆபீஸ். திருவிழா முடிகிற வரை மழையே கூடாது என்றது அலங்காரக் கமிட்டி. முத்துலிங்கம் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி, "தேயிலைச் செடிகளின் மீது மட்டும் பெய்யும் மிதமான மழைக்காக" என்று முடித்து வைத்தார். கடைசியில், நேரமிருந்தால், நோயாளிகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு வரி.

இந்தக் குழு முன்னால்தான் அழகுமுத்து வந்து நின்றார்.

அழகுமுத்து தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். யாரோடும் வம்புக்குப் போகாத ஆள். ஏழாம் நம்பர் மலையில் ஒரு வாகை மரம். அதில் சுளகு அகலத்துக்கு ஒரு குளவிக்கூடு. அதன் அடியில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஜீவராணியைக் குளவிகள் மொய்த்துக் கொட்டிவிட்டன. கொழுந்து லொறியில், கொழுந்துச் சாக்குகளுக்கு மேலே படுக்க வைத்து நுவரெலியாவுக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தது அதிசயம். அனுப்பும்போது டாக்டர் அழகுமுத்துவைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு முறை கொட்டினால் இவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரம் இருக்காது என்று சொல்லியிருந்தார். மெடிக்கல் லீவு முடிந்ததும் ஜீவராணி திரும்பப் போக வேண்டியது அதே மலைக்கு. வேறு மலை கேட்டதற்கு, வேறு மலைக்கு வேறு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். கூட்டை எடுக்கச் சொல்லி அழகுமுத்து கங்காணியிடம் சொன்னார். கங்காணி தன் அதிகாரியான கண்டாக்கிடம் சொன்னார். மேலே சொல்லியிருக்கிறோம் என்றார் கண்டாக்கு. மேலே என்பது எங்கே என்று அழகுமுத்துவுக்கு விளங்கவில்லை. கோயிலுக்கு வந்துவிட்டார்.

"என்ன மன்றாட்டு?" என்று கேட்டார் முத்துலிங்கம்.

"குளவிங்க."

"குளவின்னு சொல்லாதீங்க."

"வேற என்னான்னுங்க சொல்றது?"

"அது சங்கத்துக்காரங்க பேசுற வார்த்தை. போன மாசம்கூட கேட்ல நின்னு அதத்தான் கத்துனாங்க. கோயிலுக்குள்ள அரசியல் வேணாம்."

"கொட்டுனது குளவிதானுங்களே."

"கொட்டுனதும் வேணாம். கொட்டுச்சுன்னா எங்க கொட்டுச்சு, ஏன் கூட்ட எடுக்கலன்னு ஒன்னு தொட்டு ஒன்னு வரும். மன்றாட்டுன்னா மனசு அமைதியாகணும், கேள்வி வரக் கூடாது."

விஜிதரன் பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்தார். "பறக்கும் உயிரினங்கள்னு போட்டுக்கலாமா, சேர்?"

ஜெயந்தினி டீச்சர் பதறிவிட்டார். "பறக்குறதுன்னா சம்மனசும் பறக்குமே. நம்ம பாதுகாவலரே மிக்கேல் சம்மனசு. பீடத்துக்கு மேல றெக்கையோட நிக்கிறாரு. அவருதான் கொட்டிட்டாருன்னு சனங்க நெனச்சுப்புட்டா?"

இதைப் பற்றி அவர்கள் நெடுநேரம் பேசினார்கள். சிரிக்காமல் பேசினார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். முடிவில் 'சிற்றுயிர்கள்' என்று தீர்மானமாயிற்று. அடுத்தது மரம். வாகை மரம் கம்பெனிச் சொத்து, அதைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றார் விஜிதரன். மரம் 'உயரமான இடம்' ஆயிற்று. ஏழாம் நம்பர் மலை என்று சொன்னால் மற்ற மலைக்காரர்கள் மனம் நோகும் என்று அதையும் எடுத்துவிட்டார்கள்.

"ஜீவராணிங்கிறது ஞானஸ்நானப் பேரா?" என்றார் முத்துலிங்கம்.

"அது பிரகாசியம்மாங்க. ஆனா அப்படி யாரும் கூப்பிட மாட்டாங்க. எனக்கே மறந்துரும்."

"ஆண்டவருக்கு அந்தப் பேருதான் தெரியும்."

அதுவரை பேசாமல் இருந்த பிரதாப் சாமி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "அழகுமுத்து, மனச தொட்டுச் சொல்லுங்க. நீங்க ஆண்டவர்கிட்ட கேக்குறீங்களா, தொரைகிட்ட கேக்குறீங்களா?"

அழகுமுத்து பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "யாரு முந்திக் காது குடுத்துக் கேக்குறாங்களோ அவங்ககிட்டதாங்க சாமி."

இந்தப் பதில் குழுவுக்குப் பிடிக்கவில்லை. விசுவாசத்தில் குறை இருக்கிறது என்று அவரை வெளியே அனுப்பிவிட்டு, மன்றாட்டை இன்னொரு முறை கழுவினார்கள்.

அந்த ஞாயிறு அழகுமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஆண்கள் பக்கம் முன்னால் உட்கார்ந்தார். ஜெயந்தினி டீச்சர் மைக்கை ஒரு தட்டுத் தட்டி வாசித்தார். "உயரமான இடங்களிலிருந்து வரும் சிற்றுயிர்களின் நிமித்தம் சிறு அசௌகரியங்களைச் சந்திக்கும் பிரகாசியம்மாவும் மற்றோரும், தம் துன்பங்களைத் தாழ்ச்சியோடு ஏற்றுப் பொறுமையில் வளர்ந்தோங்க வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது சபை. துரையும் சொன்னார். அழகுமுத்துவும் பலமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, தன்னுடைய மன்றாட்டு எப்போது வரும் என்று பூசை முடிகிற வரை காத்திருந்தார்.

"ஏன் சேர், எங்களோடத வாசிக்கலியே?" என்று வாசலில் முத்துலிங்கத்தைப் பிடித்தார்.

"வாசிச்சாச்சே."

"எப்பங்க?"

"சிற்றுயிர்."

"அது சின்னப் புள்ளைகளுக்குன்னு நெனச்சேங்க."

பெண்கள் பக்கத்தில் அதைவிட மோசம். யார் அந்தப் பிரகாசியம்மா, பாவம், எந்த டிவிஷன், உயரமான இடத்திலிருந்து வருகிறது என்றால் பேன் தொல்லையாக இருக்குமோ என்று பேசிக்கொண்டே போனார்கள். லயத்து வீட்டில் இதைக் கேள்விப்பட்ட ஜீவராணியே, அது தன் ஞானஸ்நானப் பேர் என்று நினைவில்லாமல், நல்லெண்ணெய் வைக்கலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார்.

விஷயம் தெரிந்த பிறகு அழகுமுத்து குழுவிடம் நடையாய் நடந்தார். அவர் இப்படி நடந்ததால் குழு ஒரு கருத்தரங்கு வைத்தது. தலைப்பு 'பரிந்து பேசும் கலை.' வெண்பலகை, மாலை, குத்துவிளக்கு எல்லாம் உண்டு. முத்துலிங்கம் முதலில் பேசினார்.

"நம்ம தோட்டத்துல ஒரு ஒழுங்கு இருக்குது. தொழிலாளி கங்காணிகிட்ட சொல்லணும், கங்காணி கண்டாக்குகிட்ட, கண்டாக்கு சின்ன தொரைகிட்ட, சின்ன தொரை பெரிய தொரைகிட்ட. யாராவது நேரா பங்களாவுக்குப் போறீங்களா? போனா நாய் குலைக்கும். அதே மாதிரித்தான் மேலோகமும். ஆண்டவருக்கும் அவருக்குன்னு ஒரு மரியாத இருக்குது. நீங்க பாட்டுக்கு எழுந்திரிச்சு பேன், குளவி, தராசுன்னு கத்துனா அவரு என்ன நெனப்பாரு?"

"அப்ப அவரும் பங்களாலதான் இருக்காருங்களா?" என்று அழகுமுத்து கேட்டார். கேலியில்லை, தெரியாமல்தான் கேட்டார். அவரைக் கேள்வி நேரம் வரைக்கும் பொறுத்திருக்கச் சொன்னார்கள். கேள்வி நேரம் வரவில்லை.

பிரதாப் சாமியின் பேச்சு இன்னும் ஆழமாக இருந்தது. "கடவுள் எல்லாம் அறிஞ்சவர். குளவி இருக்கிறது அவருக்குத் தெரியும். தெரிஞ்சவருக்கு நாம தகவல் சொல்லத் தேவையில்ல. அப்ப எதுக்கு மன்றாடுறோம்? ஆண்டவர் மனச மாத்துறதுக்கா? இல்ல. நம்ம மனச மாத்துறதுக்கு. நல்லா மன்றாடப் பழகிட்டீங்கன்னா, கூடு இருந்தாலும் இல்லாத மாதிரி இருக்கும். நான் இங்க வந்ததுல இருந்து எத்தனையோ மன்றாட்டு கேட்டிருக்கேன். ஒன்னையும் நிறைவேத்தணும்னு எனக்கு ஒரு நாளும் தோணினது இல்ல. அதுதான் என்னோட ஆன்மீகம்."

குழு கைதட்டியது. பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயமா இது, அடச்சீ. தேநீருக்குப் பிறகு எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். 'பரிந்து பேசும் கலையில் பயிற்சி பெற்றவர்' என்ற சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அழகுமுத்து லயத்துக்குப் போனார். மலையில் கூடு அப்படியே இருந்தது.

பிறகு துரையின் நாயைக் குளவி கொட்டியது.

நாயின் பெயர் பிரவுணி. மாலையில் ஏழாம் நம்பர் மலைப் பக்கம் உலாத்தப் போன இடத்தில் மூக்கில் ஒன்றோ இரண்டோ கொட்டிவிட்டது. தோட்டத்து ஜீப்பில், துரையின் மடியில், நுவரெலியா மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். குழு அவசரக் கூட்டம் கூட்டியது. அந்த ஞாயிறு மன்றாட்டில் திருத்தந்தைக்கு அடுத்தபடியாக பிரவுணி வந்தது. ஜெயந்தினி டீச்சர் தொண்டை தழுதழுக்க வாசித்தார். "ஏழாம் நம்பர் மலை வாகை மரத்திலுள்ள கொடிய குளவிகளால் கொட்டப்பட்டு, மூக்கு வீங்கி, மிகுந்த வேதனை அனுபவிக்கும் பிரவுணி, விரைவில் பூரண சுகம் பெற வேண்டுமென்று..."

குளவி, கொட்டியது, மரம், மலையின் நம்பர், ஒன்று பாக்கியில்லை. நாய்க்கு ஞானஸ்நானப் பெயர் இருக்கிறதா என்றும் யாரும் கேட்கவில்லை.

அழகுமுத்துவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எங்கள் எல்லோரையும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவரைப் பார்த்து நானும் நம்பிவிட்டேன். இனி கூடு போய்விடும், நாய் புண்ணியத்திலாவது போகட்டும் என்றுதான் லயம் முழுக்கப் பேச்சு. திங்கட்கிழமை துரையிடமிருந்து உத்தரவும் வந்தது. நாய் உலாத்தும் பாதை மாற்றப்பட்டது. இனிமேல் பிரவுணி பங்களாவுக்குப் பின்னால், காய்கறித் தோட்டப் பக்கமாகப் போகும். குழு இதை மன்றாட்டின் வெற்றி என்று அறிவித்தது.

ஜீவராணியின் லீவு அந்த வாரத்தோடு முடிந்தது. வருகிற திங்கள் காலை ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு வந்து, ஏழாம் நம்பர் மலையில் நிற்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் அழகுமுத்து என்னிடம் வந்து, "கோயில்ல வேற யாரையாவது பாக்கணுமா?" என்று கேட்டார். "ஒங்க வீட்டுல என்னா சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"ஒன்னும் சொல்லல. ஞாயித்துக்கிழம தானே வாறேங்குது."

ஜீவராணி வந்தார். கொட்டின இடமெல்லாம் கன்னத்திலும் கழுத்திலும் கறுத்துப்போய் இருந்தது. பெண்கள் பக்கம் ஓரத்தில் உட்கார்ந்தார். மன்றாட்டு நேரம் வந்தது. திருத்தந்தை முடிந்தது, ஆயர் முடிந்தார், கம்பெனி முடிந்தது. துரையின் தாயார் மூட்டுக்குச் சபை பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஜீவராணி எழுந்து நேராக முன்னால் போனார். மைக்குப் பக்கம் போகவில்லை. பீடத்தின் பக்கமும் போகவில்லை. மெத்தை நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார்.

ராகலைச் சந்தையில் லீக்ஸ் விற்றுப் பழகிய சிங்களம் அவருக்கு உண்டு. அதில்தான் சொன்னார். "மாத்தியா, ஏழாம் நம்பர் மலையில வாகை மரத்துல குளவிக்கூடு இருக்கு. நாளைக்கு என்னைய அதுக்கு அடியில அனுப்புறாங்க. இன்னொரு தடவ கொட்டினா நான் செத்துப்போவேன்னு டாக்குத்தர் சொல்லிட்டார். அத எடுக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு மூச்சு வாங்க நின்றார். பூசையில் யாராவது எதையாவது சொல்லி நிறுத்தினால் எங்கள் சபைக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சபை மொத்தமும் சொல்லிற்று. பழக்கதோஷத்தில் துரையும், சிரித்த முகமாக, ஜீவராணியைப் பார்த்தே அதைச் சொன்னார்.

துரைக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். சிங்களத்தில், நல்ல இரக்கமான குரலில் பேசினார். "எனக்குத் தெரியும். கண்டாக்கு அன்றைக்கே சொல்லிவிட்டார். நானும் ஒவ்வொரு ஞாயிறும் அதற்காகத்தான் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்."

சிங்களம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லி, அது கடைசி பெஞ்சு வரை போய்ச் சேர்ந்தது. ஒரே ஒரு வார்த்தை உத்தரவு போட்டால் போதும், அந்த வாய் அவரிடம்தான் இருக்கிறது. அந்த வாயை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் மன்றாடுகிறாராம்.

ஜீவராணி தமிழில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "அப்படின்னா சரிங்க. நாளைக்கு நீங்களும் சாமியும் இந்தக் குழுவும் ஏழாம் நம்பர் மலையில போயி கொழுந்து எடுங்க. நாங்க இங்க உக்காந்து ஒங்களுக்காக மன்றாடுறோம்."

விஜிதரனைத் திரும்பிப் பார்த்து, "இத அவருக்குச் சொல்லுங்க கிளாக்கர்" என்றார்.

விஜிதரன் சொல்லவில்லை. எதையும் துரையின் காதுக்கு இதமாக மாற்றத் தெரிந்த அவருக்கு இதை எப்படி மாற்றுவதென்று தெரியவில்லை. பிரதாப் சாமி அவசரமாகக் காணிக்கைப் பாட்டைத் தொடங்கச் சொன்னார். தொடங்கினோம். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்கூட வரவில்லை.

திங்கட்கிழமை காலை பெரட்டுக்களத்தில் கங்காணி மட்டும் நின்றுகொண்டிருந்தார். தேடிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். கொழுந்துக்காரப் பெண்கள் அத்தனை பேரும் தலையில் கூடைக் கயிற்றோடு பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். சைவக்காரப் பெண்களும் வந்திருந்தார்கள்.

"என்னா இது, வேலைக்கு வராம?" என்றார்.

"மன்றாடுறோம்" என்றார் வீரய்யாவின் சம்சாரம்.

"யாருக்கு?"

"ஏழாம் நம்பர் மலையில கொழுந்து எடுக்குறவங்களுக்கு."

"அங்க ஒருத்தரும் இல்லியே."

"வருவாங்க. தொரையும் சாமியும் போயிட்டாங்களான்னு பாத்துட்டு வாங்க."

நல்ல கொழுந்துக் காலம். ஃபெக்டரியில் கொழுந்துக்காகக் காத்திருந்தார்கள். அவசர அவசரமாகப் போன் போனது. பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்பே கவ்வாத்து ஆட்கள் இரண்டு பேர் சாக்கைச் சுற்றிக்கொண்டு மரத்தில் ஏறி, பந்தத்தால் கூட்டைப் பொசுக்கி இறக்கிவிட்டார்கள். இவ்வளவு காலம் திருத்தந்தையையும் மிக்கேல் சம்மனசையும் சிரமப்படுத்தியது இந்தச் சின்ன வேலைக்குத்தான்.

அடுத்த ஞாயிறு மன்றாட்டில் ஜெயந்தினி டீச்சர் நன்றி வாசித்தார். சிற்றுயிர்கள் விடயத்தில் தோட்ட நிர்வாகத்தின் உள்ளத்தில் நல்லெண்ணத்தை விதைத்தமைக்காகவும், அதற்காக அயராது உழைத்த பரிசீலனைக் குழுவுக்காகவும் நன்றி. முத்துலிங்கம் எழுந்து நின்று தலை குனிந்தார்.

அன்று ஜீவராணி பூசைக்கு வரவில்லை. பூசை முடிந்து நானும் அழகுமுத்துவும் லயத்துக்குப் போனபோது, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து பாலில்லாத சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அழகுமுத்து நடந்ததைச் சொன்னார். சொல்லும்போதே அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லாருக்கும் நன்றி சொன்னாங்க. ஒன் பேர மட்டும் சொல்லல பாத்துக்க."

"சொல்லாதவரைக்கும் நல்லது" என்றார் ஜீவராணி. "அவங்க ஏதாச்சும் வேண்டிக்கிட்டா, குளவி திரும்பி வந்து கூடு கட்டிரும்."